பின்சக்கரம் மட்டும் சுற்றினால்

இல்லை, என் பைக்கில் ஏபிஎஸ் பிரேக் கெடவில்லை.

செயினுக்கு எண்ணெய் விடத்தான் கரையான்சாவடி மெக்கானிக்கிடம் போனேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டுப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டார். ஏபிஎஸ் விளக்கு எரிந்தது.

"சென்சார் பூட்ச்சும்மா, மாத்தணும். ஊட்ல அண்ணன் கீறாரா? வரச் சொல்லு."

"வண்டி என்னுதுண்ணே. பின்சக்கரம் சுத்துது, முன்சக்கரம் நிக்குது. ரெண்டு வேகமும் ஒத்துப்போகலைன்னு விளக்கு சொல்லுது."

"புக்கு பட்ச்சிட்டு வந்துகீறியா?" ஸ்பேனரை எடுத்தார்.

"கை வைக்காதீங்க."

ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். சாவியை அணைத்து, மறுபடி போட்டு, தெருமுனை வரை ஓட்டினேன். நகர்ந்ததும் விளக்கு அணைந்தது. திரும்பி வந்து அவரிடம் காட்டினேன்.

"சில நேரம் தானா சரியாய்டும்" என்றார்.

உங்களுக்கும் இப்படித் தானாகச் சரியானவை உண்டா?

வீட்டுக்கு வந்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, நானே எண்ணெய் விட்டேன்.