ஒழுகாத தளம்

எங்கள் பள்ளிக்கூடம் காளவாசலுக்கு அப்பால் இருந்தது. 1979இல் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக டீச்சராக வந்தார் ராதாமணி. பக்கத்து வகுப்பு என்னுடையது. ராதாமணி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கோபம் வந்தால் வகுப்பிலும் அதுதான் வரும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வரலாறு என்றால் ராஜா பெயரும் வருஷமும் என்று ஒப்பித்தே பழகிய பள்ளிக்கூடம் அது. இவரோ, "உங்கம்மா என்னென்ன வேலை பாத்திருக்காங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு எரிச்சல். அதெல்லாம் ஒரு பாடமா?

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த அன்று அடைமழை. அவர் நல்லபடியாக எழுதினால்தான் ராதாமணிக்கு வேலை நிரந்தரம். தலைமையாசிரியர் ஹாலாஸ்யத்தின் அறை புதுசு. காண்டிராக்டர் புண்ணியத்தில் மேசைமேலேயே ஒழுகியது. இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு மூன்றாம் வகுப்புக்குக் குடிபெயர்ந்தார்.

"இந்தக் கட்டடத்தை யாரு கட்டுனது?" என்று கேட்டார். நன்கொடை கொடுத்தவர் பெயர்தான் வாசல் கல்லில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே.

பேச்சி எழுந்தாள். "எங்கம்மா முருகம்மாள், சார்."

ஹாலாஸ்யம் முகத்தில் ஈயாடவில்லை. "இதையாம்மா சொல்லிக்குடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். சொல்லித் தொலையேன் என்று கதவருகே நின்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சரியாத்தான் சொல்றா சார்," என்றார் ராதாமணி. "பேச்சி, முழுசாச் சொல்லு."

"மேல தளத்துக்குச் சுண்ணாம்புக் காரையைப் போட்டு, கடுக்காத் தண்ணி தெளிச்சு, கட்டையால பத்து நாளு தட்டுனாங்க சார். நான் தொட்டில்ல கெடந்தேனாம்."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. குறிப்பேட்டில் எழுதினார்: "மூன்றாம் வகுப்புத் தளம் ஒழுகவில்லை. கட்டியவர் முருகம்மாள். வரலாற்றுப் பாடம் நன்று."

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த முருகம்மாளிடம் ராதாமணி இதைப் பெருமையாகச் சொன்னார். அவரோ சண்டைக்கு வந்துவிட்டார். "எம் பேரை மட்டும் எப்பிடி எழுதலாம் டீச்சர்? ஒம்பது பேருல்ல தட்டுனோம்!"

ராதாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு சாக்பீஸை எடுத்தார். முருகம்மாள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எட்டுப் பெயர்கள் ஏறின.

"ஒருத்தி மேலூர்க்காரி. பேரு நெனப்பில்ல. கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் மணி அடிக்குமுன் வந்து நின்றார். மேலூருக்கு பஸ் ஏறிப் போய்வந்திருக்கிறார்.

"அழகம்மா. எழுதிக்கங்க."

அன்று என் வகுப்பிலும் அதுதான் பாடம்.