ரேடியோவுக்கு வந்த அம்மன்

எங்கள் கோயில் தீமிதியைப் பதிவு செய்ய தலைநகர் சுவாவிலிருந்து ரேடியோக்காரர் எங்கள் தீவில் இருக்கும் லம்பாசாவுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. கப்பலில் வந்து இறங்கியவர், கைக்குழந்தையைப் போல ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தார். ஊர்ச் சத்தமெல்லாம் அதற்குள் போய்விடும் என்றார்கள். எங்கள் நாய் குரைத்ததும் போயிருக்கும் என்று எனக்குப் பெருமை.

வருஷா வருஷம் கரகம் எடுப்பவர் என் பெரியப்பா. மற்ற நாளில் கரும்பு வெட்டுகிறவர். கூப்பிட்டால் ஒரு ‘ம்’, அதோடு சரி. தீயில் இறங்கி ஏறியதும் அவர்மேல் அம்மன் வருவாள். அப்போது அவர் வாயில் கணீரென்று தமிழ் வரும். அந்தத் தீவில் ஹிந்தி பேசியே வளர்ந்த பிள்ளைகள் எங்களுக்கு அது பாதிதான் புரியும். அதனாலேயே பயமாகவும் இருக்கும்.

அந்த வருஷம், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் அம்மாள் ஈரச் சேலையோடு வந்து நின்றாள். அவள் மகன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெரியப்பா அவள் கையில் திருநீறு கொடுத்து, “அழாதே. உம்புள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்றார். கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது.

மறுநாள் காலை ரேடியோக்காரர் வாடிய முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மேளச் சத்தத்தில் அம்மன் குரல் எடுபடவில்லையாம். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கோயில் செக்ரட்டரி தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னார். இன்னொரு தடவை வேண்டுமாம்.

“அது எப்படிய்யா? அவளா வந்தா வருவா. நான் கூப்பிட்டா வர்றவளா?” என்றார் பெரியப்பா.

“அஞ்சு நிமிஷந்தாண்ணே. நேத்து சொன்னதையே சொல்லுங்க. நம்ம கோயில்னு ஒண்ணு இருக்கிறதே சுவாக்காரங்களுக்குத் தெரியாது” என்றார் செக்ரட்டரி.

“வேணாம்னு சொல்லிடுங்க” என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

பெரியப்பா எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார்.

கோயிலில் ஒரே ஒரு மேளக்காரர், ரேடியோக்காரரின் கையசைப்புக்கு ஏற்ப மெதுவாக அடித்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அம்மன் செருமி நான் கேட்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டதும் வந்துவிட்டாளே, எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாள் மேளம் கேட்டு ஓடி வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. “உம்புள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்று பெரியப்பா சொல்லவும், “தாயே! எனக்காக மறுபடியும் வந்தியா!” என்று விழுந்து அவர் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

பெரியப்பாவின் குரல் நின்றுபோயிற்று. ரேடியோக்காரர் நிறுத்த வேண்டாம் என்று கையைச் சுழற்றினார். பெரியப்பா எப்படியோ சொல்லி முடித்தார். பிறகு, “எந்திரிம்மா” என்றார், தன் சொந்தச் சின்னக் குரலில்.

ஒலிபரப்பான அன்று ஊரே எங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாளின் அலறல் அத்தனை துல்லியமாகக் கேட்டது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் நிகழ்ச்சி முடியும்வரை திரும்பவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். அந்த அம்மாள் அவனை அழைத்துக்கொண்டு, ஒரு வாழைத்தாரும் சுமந்து வந்தாள். “ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா வந்து சொன்னாளே!” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பெரியப்பா பையனுக்கு ஒரு கரும்புத் துண்டைச் சீவிக் கொடுத்தார். அவள் பக்கம் நிமிரவே இல்லை.

அடுத்த வருஷம் அவர் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. கரகத்தை வேறொருவர் எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

“கால் வலிக்குது புள்ள.”

நான் நம்பினேன். சாயங்காலம் தோறும் தேங்காயெண்ணெயைச் சுட வைத்து அவர் கால்களில் தேய்த்துவிட்டேன். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் நீட்டிக்கொண்டிருப்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரு நாள் முழங்காலைக் காட்டுவார், மறுநாள் குதிகாலை. வலி எப்படித்தான் இப்படி இடம் மாறுகிறதோ என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.