வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

டயர்க் கடைக்காரர் யாருக்கும் கடன் வைத்தவர் இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அன்று அவர் பட்ட கடன் மூவாயிரம். கொடுக்க வேண்டியது, நர்ஸுகளுக்குப் பாடம் எடுக்கும் பயிற்சி சிஸ்டருக்கு.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். கைப்பம்பு ஒன்றோடு மரத்தடியில் ஆரம்பித்த தொழில், இன்று நான்கு ஷட்டர் போட்ட கடை. எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. கடைக்குள் அவர் செருப்புப் போடமாட்டார். "இந்தத் தரைக்கு என் காலைத் தெரியும்" என்பார். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். பாதம் மரத்துப்போய் இரண்டு வருஷம். அதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எதிரே சுகாதார நிலையம். அதன் மாடியில்தான் வகுப்பு. நோயாளியோடு தனியாக உட்கார்ந்து பேசி, தன் உடம்பை அவரே கவனித்துக்கொள்ள வைப்பது எப்படி என்று பாடம். நர்ஸுகள் ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்தார்கள். நடித்தவர்கள் எல்லாம் சமத்தாகத் தலையாட்டினார்கள். நிஜ நோயாளியும் தலையாட்டுவார்தான், வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார். முரண்டு பிடிக்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று சிஸ்டர் படியிறங்கி வந்தார்.

"ஐயா, சொல்பேச்சு கேக்காத ஆள்னா எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றார் கடைக்காரர்.

ஐந்து நாள், நாளுக்கு அறுநூறு. வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளி வேஷம். இதற்கு நடிக்கவே வேண்டாமே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போதாக்குறைக்கு ஒரு பந்தயமும் கட்டினார்.

"உடம்புக்காக இதைச் செய்யறேன்னு என் வாயாலேயே உங்க பொண்ணுங்க சொல்ல வச்சுட்டா, மொத்தக் கூலியையும் திருப்பித் தந்துடறேன்."

நான்கு நாள் அவர்தான் ஜெயித்தார். கால் இழந்தவர்களின் படத்தை ஒருத்தி காட்டினாள். "அதெல்லாம் சோப்ளாங்கிக் கால்ம்மா" என்றார். இன்னொருத்தி அட்டையைப் பார்த்துப் பன்னிரண்டு அறிவுரை வாசித்தாள். முடிந்ததும், "ஏழாவதை மறுபடி சொல்லு" என்றார். அவளுக்கே நினைவில்லை.

ஐந்தாம் நாள் வந்தவளை வகுப்பில் வாயாடி என்பார்கள். சிஸ்டர் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

"ஒரு மடக்கு வாயில வச்சுக்கோ. நான் மேசையைத் தட்டினா முழுங்கிட்டு ஒரு கேள்வி கேளு. ஒண்ணே ஒண்ணு. மறுபடி தண்ணி."

இதென்ன வித்தை என்று கடைக்காரருக்கு ஒரே குறுகுறுப்பு. மரத்தடிக் கதையை எடுத்துவிட்டார். முதல் பம்பு திருட்டுப்போன இடத்தில் வாயாடி சிரித்துவிட, தண்ணீர் அவர் சட்டையில். மறுபடி நிரப்பினார்கள். இவர் பேசப் பேச அவள் கன்னம் உப்பலாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் குறுக்கே பேசாமல் அவர் கதையைக் கேட்டவர் யாரும் இல்லை. கதை தீர்ந்துபோயிற்று. சும்மா இருக்க முடியாமல் அவருக்கு நாக்கு அரித்தது.

சிஸ்டர் தட்டினார்.

"ஐயா, டயர் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அப்படிக் கேளு. கண்ணை நம்பமாட்டேன். சுத்தி முழுக்க விரலால தடவுவேன். ஆணி ஏறினா உடனே காத்து இறங்கிடும்னு நினைக்கிறியா? ஆணியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஓட்டறவனுக்குத் தெரியாது. நல்லாத்தானே ஓடுதும்பான். அதனாலதான் தினம்…"

நிறுத்தினார். வாயாடியின் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. யாரும் தட்டவில்லை.

"கடை சாத்தினதும் அடிப்பாதத்தை ஒரு தடவை பாத்துடறேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று அவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

"பந்தயம், ஐயா" என்றார் சிஸ்டர்.

"இதுக்குப் பேர்தான் நடிப்பு, சிஸ்டர்." கூலிக் கவரை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஆனால் குறுகுறுப்பு விடவில்லை. ஷட்டரை இறக்கியதும், வண்டிக்கு அடியில் பார்க்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்தார். இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. கிரீஸ் என்று துடைத்தார். போகவில்லை. டயருக்குள் இருக்கும் கம்பி, ஒடிந்து உள்ளே ஏறியிருந்தது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. எப்போது ஏறியது என்றும் தெரியவில்லை.

கை குறட்டுக்குப் போனது. ஆணியை நடுரோட்டில் தாங்களே பிடுங்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை அவர் எத்தனை தடவை திட்டியிருக்கிறார்! கையை இழுத்துக்கொண்டார். காலையில் சுகாதார நிலையத்தில் முதல் ஆள் அவர்தான்.

பாதித் தீக்குச்சி நீளக் கம்பி, பின்னாலேயே சீழ். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், பாதமும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஏழு வாரம் கட்டு. கட்டியவள் வாயாடி; அப்போது தண்ணீர் இல்லாததால் ஓயாமல் பேசினாள்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முப்பது வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். வாயில தண்ணி வச்சுக்கணும்னு எனக்குத் தோணலையே."

கடைசிக் கட்டு அவிழ்ந்த மறுநாள் மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. புது ஷூ. கடைக்காரர் வகுப்புக்குள் வந்து பையில் கைவிட்டார்.

"கை நீட்டுங்க, சிஸ்டர்."

"ஜெயிச்சவ அவ." சிஸ்டர் வாயாடி பக்கம் திரும்பினார். "நீ வாங்கும்மா, வகுப்புக்கு டம்ளர் வாங்கணும்."

"ஐயா, எதுக்கு ஐயா இதெல்லாம், நான் என்ன அப்படி…" என்று வாயாடி ஆரம்பித்தாள்.

"வாயில தண்ணி வச்சுக்கோம்மா" என்றார் கடைக்காரர்.

அவள் வாயை மூடிக் கையை விரித்தாள். அவர் விரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக, ஆறு நோட்டையும் சத்தமாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.