நாக்கில் தடவிய வசம்பு

நான்கு வயதாகியும் என் தம்பி பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். சொல்லின் தலையும் வாலும் போய் நடுத்துண்டுதான் அவன் வாயிலிருந்து வரும். சவூதியிலிருந்து வாப்பா போனில் கூப்பிடும்போதெல்லாம், "என்னட்டி சொல்லுதான்?" என்று என்னிடம்தான் கேட்பார். அந்த மொழிபெயர்ப்பாளர் பதவியில் ஒன்பது வயதுக்காரியான எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

உம்மாவுக்கோ வயிற்றில் நெருப்பு. பேரைக்கூடத் தெளிவாகச் சொல்லாத பிள்ளையை அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமும் இப்படியே ஆகிவிட்டால்? யார் எதைச் சொன்னாலும் செய்தாள். வசம்பைச் சுட்டு உரைத்துத் தினமும் அவன் நாக்கில் தடவினாள். அவன் முகம் கோணுவதைப் பார்த்து நான் சிரிப்பேன். மாமா தன் பங்குக்கு, "சீசன் தண்ணி தலையில விழட்டும், நாக்கு தன்னால திரும்பும்" என்றார். குற்றாலத்துத் தண்ணீரால் தீராத நோய் என்று எதையும் தென்காசிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவி இரைச்சலில் உம்மா கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. எல்லோரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டார்கள். நான் திருதிருவென்று விழிக்க, தம்பி ராஜா மாதிரி இருந்தான். உம்மா புருவத்தைத் தூக்கினால் நகர்ந்தான். விரலை நீட்டினால் துண்டை எடுத்துக் கொடுத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா கையசைத்ததை முதலில் பார்த்து, என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவன்தான். பஸ் ஏறியதும் எல்லோரும் சளசளவென்று பேச ஆரம்பித்தோம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாளே சளி பிடித்துக் காதுவலியில் துடித்தான். டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"நாக்குல ஒரு குறையும் இல்லம்மா. சளி பிடிக்கப் பிடிக்க காதுக்குள்ள நீர் கோத்துக் கெடக்கு. அரைகுறையாத்தான் கேக்குது. கேக்குற மாதிரிதானே பேசுவான்?"

உம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

வைத்தியத்துக்குப் பிறகு அவன் பேச்சு மெல்ல மெல்லத் தெளிந்தது. என் பதவி போனதில் எனக்கு அப்போது வருத்தம்தான். அருவியில் அவனுக்கு மட்டும் எல்லாம் எப்படிப் புரிந்தது என்பதும் வெகுகாலம் விளங்கவில்லை. விளங்கியபோது மனசு கனத்துப்போயிற்று. அந்த இரைச்சலுக்குள் நாங்கள் நின்றது கொஞ்ச நேரம்தான். அவன் அத்தனை வருஷமும் அதற்குள்தான் நின்றிருக்கிறான். எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு.