ஸ்ட்ரிப் கருத்ததற்குக் கைதட்டினார்கள்

1. காலை ஒன்பது மணி

ஈஸ்வரியை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கும்போதே அவள் மூச்சிரைக்கிற சத்தம் லேப்வரை கேட்டது. கிட்டே போனால் அழுகின பழ வாசனை. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். முப்பது வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே தினமும் இன்சுலின் ஊசி. எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் நான்தான் லேப் டெக்னீஷியன். குளுக்கோமீட்டர் எண்ணே காட்டாமல் 'ஹை' என்று நின்றது. மூத்திரத்தில் நனைத்த கீட்டோன் ஸ்ட்ரிப் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

டாக்டரம்மா அவள் புருஷன் பொன்னுசாமியிடம் கேட்டார்: "ஊசி எப்ப நிறுத்தினீங்க?"

"மூணு நாளாச்சுங்க. கோச்சு நிறுத்தச் சொன்னாருங்க."

2. கோச்

கோச் என்றால் கபடி கோச் அல்ல. போன வருஷம்வரை வாட்டர் ஃபில்டர் விற்றவர், இப்போது எடை குறைப்பு நிபுணர். பட்டம் வாட்ஸ்அப் கொடுத்தது. இளைக்கக் குடிக்கிற ஷேக் பாட்டிலோடு அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

"இன்சுலின்தானுங்க மேடம் கொழுப்பச் சேத்து வெக்கிறது. அத நிறுத்துனா கொழுப்பு கரையுமுங்க. சயின்ஸுங்க. இந்த மூச்செல்லாம் டீடாக்ஸு."

"இன்னும் ஒரு வார்த்தை பேசினா போலீசைக் கூப்பிடுவேன்" என்றார் டாக்டரம்மா. நிபுணர் பாட்டிலைக்கூட எடுக்காமல் போனார்.

அவர் பேச்சில் ஒரு வரி சரி, அதுதான் ஆபத்து. சாப்பிட்டதில் மிஞ்சியதைக் கொழுப்பாக்கிச் செல்லுக்குள் பூட்டி வைப்பது இன்சுலின்தான். பட்டினி கிடந்தால் பூட்டு லேசாகத் திறக்கும். கொழுப்பு உடையும், கல்லீரல் அதில் கொஞ்சத்தைக் கீட்டோனாக்கி மூளைக்கு அனுப்பும். நமக்குக் கொஞ்சமாவது இன்சுலின் சுரப்பதால் அது அளவோடு நிற்கும். ஈஸ்வரிக்குச் சுரப்பதே இல்லை. ஊசி நின்றதும் கொழுப்பு கட்டில்லாமல் உடைந்தது. கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாகிவிட்டது. மூன்று நாளில் மூன்று கிலோ குறைந்தாளாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். அதற்கும் கோச்சின் வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்து!

3. போட்டோ

சலைனும் இன்சுலினும் ஏற்றி, ஆம்புலன்ஸில் பாலக்காட்டுக்கு அனுப்பத் தயாரானோம். பொன்னுசாமி போனை நீட்டினார். முந்தின நாள் ஈஸ்வரி, கொழுப்பு கரைவதற்கு அத்தாட்சியாகக் குரூப்பில் போட்ட படம், கருத்த ஸ்ட்ரிப். கீழே கோச், "சூப்பர் சிஸ்டர்! எரியுது, எரியுது!" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

படத்தில் ஸ்ட்ரிப் கிடந்த காகிதத்தைப் பார்த்தேன். எங்கள் லேப் ரிப்போர்ட். 'கீட்டோன் மூன்று ப்ளஸ்', அதாவது மிக அதிகம். என் கையெழுத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் ஒருத்தி கவுண்டரில் சிரிப்புக் குரலில், "நல்லாக் கருத்திருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஸ்ட்ரிப்பையும் கேட்டு வாங்கினாள். "நல்லாத்தான் கருத்திருக்கு" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

4. பிறகு

பிழைத்தாள். இரண்டு நாள் ஐசியூ. அடுத்த மாதம் டெஸ்டுக்கு வந்தபோது, "கொழுப்போட சேந்து நானும் கரைஞ்சிருப்பனுங்க" என்றாள். அந்த முதல் நாள் டெஸ்டை நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். "சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். அவ்வளவுதான்.

கோச்சை இன்றும் திட்டுகிறேன், தாராளமாக. ஆனால் அந்த ஆளுக்கு அந்த நிறத்தின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு: ஸ்ட்ரிப் கருத்தால், ப்ளஸ் எழுதுவதற்கு முன் தலையை நிமிர்த்துங்கள். "சுகர் இருக்குதுங்களா? ஊசி போட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் காகிதத்தை அவர்கள் கையில் கொடுக்காமல், ஆளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.