பாட்டன் வீட்டுச் சாமான்

துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் நிற்கும் வாரங்களில் ஐரீன் ஒரு நாளைக்கு இரண்டு முறை வீட்டைத் துடைப்பாள். காலையில் ஆலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை. துணியைப் பிழிந்தால் தண்ணீர் கறுப்பாக இறங்கும். ராயபுரத்தில் அந்தச் சந்தில் இருந்த எல்லா வீடுகளுக்கும் இதே பாடுதான். ஆனால் மற்ற வீடுகளில் துடைப்பதற்கு அதிகம் சாமான் கிடையாது. ஐரீன் வீட்டில் இருந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி ஆலையில், பெட்டி அடுக்கும் பிரிவில், பதினாறு வருடமாக நின்றபடி வேலை பார்த்து வந்தாள். அம்மா இறந்தபோது தங்கை ஆலிஸுக்கு ஆறு வயது. அப்பா பாஸ்கல் துறைமுக வேலையிலிருந்து முழங்கால் வாதத்தோடு ஓய்வு பெற்று, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். ஐரீனுக்கு இரண்டு முறை வரன் வந்தது. ஆலிஸ் கொஞ்சம் வளரட்டும் என்றாள் அவள். மூன்றாவது முறை யாரும் வரவில்லை.

வீட்டுச் சாமான்களில் முதலாவதை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆறு வருடம் முன்பு ஒரு மழையில் கூடத்துச் சுவர் விரிசல் விட்டுச் செங்கல் தெரிந்தது. காலண்டர் மாட்டி மறைத்துப் பார்த்தாள். காற்றில் அது படபடத்துக்கொண்டே இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஷாகுல் ஹமீது பழைய சாமான் கடை வைத்திருந்தார். கப்பலில் கழித்துப் போட்டவையும், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போனவையும் அங்கேதான் வந்து சேரும். ஒரு சுவர்க் கடிகாரத்தின் தேக்குப் பெட்டி மட்டும் அங்கே கிடந்தது. உள்ளே இயந்திரமும் இல்லை, ஊசலும் இல்லை. விரிசலை மறைக்க அளவு சரியாக இருக்கும் என்று பட்டது.

கொண்டுவந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மெருகு ஏற அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினாள். உள்ளே சிறிய மாதா சுரூபத்தை வைத்து மாட்டினாள். ஆலையில் அவள் அடுக்கும் பெட்டிகள் சாயங்காலமே லாரி ஏறிப் போய்விடும். மறுநாள் மேஜை மறுபடி காலியாக நிற்கும். இது போகவில்லை. செய்தது செய்தபடி சுவரில் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கப்பல் ஜன்னலின் வட்டமான பித்தளை விளிம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, உடைந்த பீரோக் கதவின் கண்ணாடியை அறுத்து அதில் பொருத்தினாள். கிராமபோன் குழாயைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விளக்குக்கு மூடி ஆக்கினாள். தையல் மிஷினின் இரும்புக் காலில் பழைய பியானோவின் மேற்பலகையை ஏற்றி மேஜை செய்தாள். யாரோ ஒரு மணப்பெண்ணின் கறைபட்ட லேஸ் கவுனைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். கறை மறைந்து துணி முழுக்கத் தந்த நிறமானது. அதுதான் ஜன்னல் திரை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் செய்தவை. ஊர் உறங்கும் நேரத்தில் அவள் அரத்தை வைத்து ராவிக்கொண்டிருப்பாள். சத்தம் காதைக் குடைகிறது என்று பாஸ்கல் முனகுவார்.

எழுபத்திரண்டாம் வருடம் ஆலிஸுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஸ்டானிஸ்லாஸ் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் ஃபிட்டர். அப்பா இல்லை. அவனும் அவன் அம்மா அடைக்கலமேரியும் ஒரு ஞாயிறு பூசை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள்.

அடைக்கலமேரி ஆலிஸைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தாள். மேஜையைத் தடவினாள். திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தினி சோக்கா கீதே. எங்க வாங்கனீங்கோ?"

பாஸ்கல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாங்கறதா? எங்க பாட்டன் கப்பல் கம்பெனில துபாஷா இருந்தவரு. தொரைங்க ஊருக்குப் போறச்ச குடுத்துட்டுப் போனாங்கோ. மூணு தலமுறையா நம்ம வூட்லயே கீது."

அவருடைய பாட்டன் துரைகளுக்கு மொழிபெயர்த்தவர் அல்ல, படகிலிருந்து மூட்டை இறக்கியவர். காபித் தட்டோடு வாசற்படியில் நின்ற ஐரீனுக்கு அது தெரியும். வாயைத் திறக்க நினைத்தாள். அந்த வாரம் ஆறு நாளும் ஆலை. அன்று விடியற்காலையிலிருந்து பலகாரம். சொன்னால் எத்தனை பேச்சு பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்கு அலுப்பு வந்தது. தட்டை நீட்டினாள்.

பத்து நாளில் எண்ணூரிலிருந்து சம்மதம் வந்தது. நகை நட்டு என்று எதுவும் வேண்டாம், பாட்டன் வீட்டுச் சாமானை மட்டும் பெண்ணோடு அனுப்பினால் போதும், பரம்பரையான குடும்பத்தில் சம்பந்தம் செய்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அடைக்கலமேரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

பாஸ்கலுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலிஸ் அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "குடுத்துடலாம் இல்லக்கா? நீ வேற செஞ்சிக்குவ."

"குடுத்துடலாம்" என்றாள் ஐரீன்.

சாமான் போவதில் அவளுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. துடைக்கிற வேலை குறையும். ஆனால் ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாத ஒரு துபாஷின் பெயரில் போகிறதே என்பது உள்ளே உறுத்தியது. பொய் என்றைக்காவது வெளியே வந்தால் ஆலிஸ் தலையில்தான் விடியும் என்ற பயமும் இருந்தது. கடைக்குப் போய் ஷாகுல் ஹமீதிடம் சொன்னாள். அவர் ஒரு பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கும்மா பேஜாரு பண்ணிக்கிற? பழசுன்னா அதுக்கு ஒரு மவுசு. நீ செஞ்சதுன்னா இன்னா மவுசு கீது? பேசாம அனுப்பிடு."

"நீங்ககூடவா பாய் இப்டி சொல்றீங்கோ?"

"நான் யாவாரி. வேற எப்டி சொல்றது?"

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் வாசித்துவிட்டால் கல்யாணம். அந்த நடுவாரத்தில் ஒரு நாள், மேஜை எண்ணூர் வீட்டு வாசலில் நுழையுமா என்று அளவெடுக்க ஸ்டானிஸ்லாஸ் தனியாக வந்தான். ஆலிஸ் கடைக்குப் போயிருந்தாள். பாஸ்கல் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் மேஜையை அளந்தான். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பித்தளை விளிம்புக் கண்ணாடியையும் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பினான். விளிம்பில் விரலை ஓட்டினான்.

"அக்கா, இந்தத் துளை கப்பல்ல போட்டது. இது அப்பால போட்டது. அறுத்த எடத்துல அரம் போட்டு மட்டம் பண்ணிக்கீறாங்கோ. யாரு செஞ்சது?"

ஐரீன் கையிலிருந்த துணியை மடித்தாள். "நான்தான் தம்பி."

"இது மட்டுமா?"

"எல்லாமே."

அவன் விளிம்பில் மறுபடியும் விரலை ஓட்டினான். "அரம் போட்டது சுத்தமா கீது" என்றான். ஆறு வருடத்தில் அந்த வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். ஐரீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா தெரு முச்சூடும் சொல்லிகினு கீது, தொரை குடுத்த சாமானுன்னு. அதான் எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

"நீ ஒண்ணும் சொல்லாத. நானே வந்து சொல்றேன்."

சனிக்கிழமை ஆலை அரை நாள். மத்தியானம் அப்படியே எண்ணூர் பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி, என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். ஒன்றும் சரியாக அமையவில்லை.

அடைக்கலமேரி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எழுந்து கையைக் கழுவி, உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஐரீன் உட்காரவில்லை.

"அந்தச் சாமான் எதுவும் எங்க பாட்டனோடது இல்லம்மா. பழைய சாமான் கடைல உடைஞ்சு கெடந்தது. நான் வாங்கியாந்து சரிபண்ணி வெச்சேன். நைனா ஏதோ ஒரு நெனப்புல சொல்லிட்டாரு. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அடைக்கலமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப குப்பையத்தான் நான் வாயத் தொறந்து கேட்டேனா?"

அவள் ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. பொண்ணு மேல எனக்குக் கொற ஒண்ணும் இல்ல. கல்யாணம் நடக்கும். ஆனா அதுல ஒரு துரும்புகூட என் வூட்டுக்கு வரக்கூடாது. உங்க நைனா கைல சொல்லிடு."

"சரிம்மா."

காபி குடித்துவிட்டுப் போ என்று அடைக்கலமேரி சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஐரீனுக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பும்போது பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது. நடந்தே வந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். பாஸ்கல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆலிஸ்தான் வெடித்தாள்.

"உன்ன யாருக்கா போவச் சொன்னது? நாளிக்கு அந்த வூட்ல அவங்க மூஞ்சிய பாக்கப் போறது நானு. சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"உனக்காவத்தான் போனேன்."

"இல்ல. நீதான் செஞ்சேன்னு சொல்லணும் உனக்கு. அதான்."

ஐரீன் யோசித்தாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. "அதுவும்தான்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. ஆலிஸ் ஒரு டிரங்குப் பெட்டியோடு போனாள். தேரடியில் பூ விற்கிற பெண்ணிடமிருந்து இரண்டு முழம் கூடுதலாக வாங்கி அவள் தலையில் வைத்ததுதான் ஐரீன் தன் கையால் கொடுத்தது. வண்டி ஏறும்போது ஆலிஸ் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று ஐரீனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பாஸ்கல் மூத்த மகளோடு ஐந்து மாதம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் எடுத்துக்கொள்வார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். கோயிலில் யாராவது சம்பந்தி வீட்டைப் பற்றி விசாரித்தால் எழுந்து போய்விடுவார். சாமான்களோ அதே இடத்தில் இருந்தன. ஆலை விட்டு வந்து அவற்றைத் துடைக்கும்போது ஐரீனுக்கு முன்பிருந்த பிரியம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் ஷாகுல் ஹமீதிடம் மேஜையையும் விளக்கையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"விக்கறச்ச யாரு செஞ்சதுன்னு சொல்லிடணும் பாய்."

"சொன்னா எவன் வாங்குவான்?"

"வாங்காட்டி கெடக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டார். மேஜை கடை வாசலில் எட்டு மாதம் கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் எழுத்து வேலைக்கென்று வாங்கிப் போனார். ராயபுரத்துப் பெண் ஒருத்தி செய்தது என்று சொல்லித்தான் விற்றதாக ஷாகுல் ஹமீது சத்தியம் செய்தார். ஐரீன் நம்பினாள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, பூசைக்கு வந்த அடைக்கலமேரி நேரே சந்துக்குள் வந்தாள். பின்னால் ஒரு ரிக்‌ஷா. அதில் காலொடிந்த சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. கான்வாஸ் இற்றுப்போய்த் தொங்கியது.

"எங்க வூட்டுக்காரரு உக்காந்தது" என்றாள் அவள். "உப்பு ஆபீஸ்ல வேலை பாக்கறச்ச வாங்கனாரு. ஆசாரி இத்தப் பாத்துட்டு அடுப்புல வைக்கத்தான் ஆவும்னுட்டான். உன்னால ஆவுமா?"

போன வருடத்துப் பேச்சை அவள் எடுக்கவில்லை. ஐரீனும் எடுக்கவில்லை. குனிந்து உடைந்த காலைத் தூக்கிப் பார்த்தாள். செல்லரித்தது பாதிதான், மேலே மரம் உறுதியாக இருந்தது. செய்யலாம். ஆனால் நினைத்த உடனே இரண்டு தோளும் கனத்தன.

"வெச்சிட்டுப் போங்க அத்தை. எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது. முன்ன மாதிரி கை ஓடல."

"அவசரம் இல்லம்மா. உனக்கு எப்ப முடியுதோ அப்ப செய்யி."

பாஸ்கல் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, சம்பந்தியம்மாவுக்குக் காபி போடு என்றார். ஐரீன் அடுப்பைப் பற்றவைத்தாள். அடைக்கலமேரி காபியைக் குடித்தபடி, ஆலிஸுக்கு ஐந்தாம் மாதம் என்பதையும், வாந்தி நின்றுவிட்டது என்பதையும், அடுத்த மாதம் கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னாள். பிறகு, ஒடிந்த காலை எப்படி ஒட்டவைப்பாய் என்று கேட்டாள். ஐரீன் சொன்னாள். நடுவில் துளை போட்டு ஆப்பு இறக்க வேண்டும், பசை காயும்வரை கயிற்றால் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். அடைக்கலமேரி டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலி முடிய நாலு மாதம் ஆனது. இடையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஐரீன் அதைத் தொடவே இல்லை. பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள்.