வில் வாங்க வந்தால் சுவரோரம் நிற்க வேண்டும்

வில் விற்பவளுக்கு முதலில் வேண்டியது பொறுமை, அடுத்தது காலியாக ஒரு சுவர், வில்லெல்லாம் அதற்கப்புறம்தான். தி.நகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் மாடியில் ஒன்பது வருடமாக வில் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். செருப்பு விற்றவர்கள், பிளவுஸ் தைத்தவர்கள், மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர்கள் எல்லோரும் என் கட்சி. வருகிறவர் தன் அளவு தனக்குத் தெரியும் என்று நினைப்பார். தெரியாது என்பதை அவர் மனம் கோணாமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மனம் கோணாமல் என்பதுதான் வராது.

விஷயம் சின்னது. சுவரில் முதுகு படும்படி நின்று இரு கைகளையும் விரிக்க வேண்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை எத்தனை அங்குலமோ, அதை இரண்டரையால் வகுத்தால் நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்று தெரியும். வில்லின் நீளம் அதற்கேற்ப. மொத்தம் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்திலிருந்து தப்பிக்க மனிதர்கள் படும் பாடு இருக்கிறதே, கேளுங்கள்.

வளர்கிற பிள்ளை

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, பத்து வயது மகனோடு வந்தார். அளந்து பார்த்ததில் அவனுக்கு ஐம்பத்துநாலு அங்குல வில் போதும். மாமி அறுபத்தாறுதான் வேண்டும் என்று நின்றார். பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்குவது போல வில்லையும் வாங்கிவிடலாம் என்று அவர் கணக்கு.

நான் வாதாடவில்லை. அறுபத்தாறைப் பையன் கையிலேயே கொடுத்தேன். அவன் கை நீளத்துக்கு அது பாதிகூட வளையவில்லை. கீழ்முனை போய் அவன் செருப்பில் இடித்தது. பிறகு ஐம்பத்துநாலைக் கொடுத்தேன். நாண் தாடைக்கு வந்து அழகாக நின்றது. மாமி இரண்டு வில்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இதையே கொடுங்கோ. அடுத்த வருஷம் இவன் கை நீண்டுடுத்துன்னா நீங்களே திரும்ப எடுத்துப்பேளா?"

ஆறடி ஹீரோ

நான் தோற்ற வழக்கு இது ஒன்றுதான். வடபழனியிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்து, ஹீரோ ஆறடி உயரம், வில் அவரைவிட உயரமாக இருக்க வேண்டும் என்றார். உயரத்தைப் பார்த்து வில் வாங்கக் கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும், ஹீரோவைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்துங்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்பு எங்க போனா இன்னாக்கா, அத்த கம்ப்யூட்டர்ல போட்டுப்பாங்கோ. வில்லு பெர்சா கீதான்னு மட்டும் பாரு."

பழகாத விரல்கள்

நபீசா கடைக்கு வந்தது வில் வாங்க அல்ல. விரலில் மாட்டும் தோல் பட்டை, இருப்பதிலேயே தடிமனாக ஒன்று வேண்டும் என்றாள். பதினேழு வயது, நெடுநெடுவென்று வளர்த்தி. கையை வாங்கிப் பார்த்தேன். நாணைப் பிடிக்கிற மூன்று விரல்களும் கன்றிப்போய் வீங்கியிருந்தன. உன் வில் எத்தனை அங்குலம் என்றேன். அறுபத்துநாலு, கிளப்பில் ஒரு சீனியர் விட்டுப்போனது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சீனியர் எதிரில் இல்லாமல் போனதே நல்லது. நீளக் கைக்காரி குட்டை வில்லை இழுத்தால் நாண் கூராக மடிந்து விரல்களை நசுக்கும். தோல் பட்டை என்ன செய்யும்?

மாநில அணிக்கான தேர்வு மூன்று வாரத்தில் இருந்தது. பிளஸ் டூ முடியப் போகிறது. இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் வில்லைத் தூக்கி வைத்துவிடு என்று அவள் அத்தா சொல்லிவிட்டாராம். வில்லை மாற்று என்று நான் சொன்னது அவள் கோச் காதுக்குப் போக, அவர் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எவனாவது வில்லை மாற்றுவானா என்று எனக்கே போன் போட்டுக் கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கடையில் கிரிக்கெட் மட்டை விற்கிற மூர்த்தி ஓடிவந்துவிட்டான். நபீசாதான் அமைதியாகப் பேசினாள்.

"விரல் போகப் போகப் பழகிடும்னு சொல்றாருக்கா. ஒன்றரை வருஷமாச்சு, இன்னும் பழகல."

தையல்காரர் டேப்

அந்தச் சண்டையில் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளக்க விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலமே அவள் அத்தா போன் செய்து, வில்லை மாற்றிவிடலாம் என்றார். மேற்கு மாம்பலத்தில் முப்பத்தைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறவர். கடையை விட்டு வர முடியாது, அளவெடுப்பதுதான் என் தொழில், நானே எடுத்துச் சொல்கிறேன் என்றார். எழுபத்தைந்து அங்குலம் வந்தது. ஊரையெல்லாம் சுவரோரம் நிறுத்துகிற நான், தையல்காரர் டேப்பைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று அப்படியே எழுதிக்கொண்டேன். முப்பது அங்குல இழுப்பு. எழுபது அங்குல வில் போயிற்று.

ஐந்தாம் நாள் நபீசா அழாத குறையாக வந்தாள், கூடவே அவள் அத்தாவும். விரல் வலி போய்விட்டது. ஆனால் அறுபது மீட்டரில் அம்பு சோம்பேறித்தனமாகப் போய்க் கீழேயே குத்துகிறது. அவள் இழுக்கிற இழுப்புக்கு அந்த வில் முழுதாக வளையவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. சுவரோரம் நிறுத்தி அளந்தேன். எழுபத்தொன்றுதான். நாலு அங்குலம் எங்கே போனது? என் பேச்சை நம்பி வந்த பெண்ணுக்கு இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி. அவள் அத்தா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"பழக்கதோஷம்மா. ஒவ்வொரு கைக்கும் ரெண்டு இன்ச் லூஸ் விடாம நான் இன்னிவரைக்கும் யாரையும் அளந்ததே இல்ல."

பதினாறு நாள்

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? தப்பு என்னுடையது. நடுக் கைப்பிடியை அப்படியே விட்டு, மேலும் கீழும் மாட்டுகிற இரண்டு லிம்பை மட்டும் மாற்றினால் வில் அறுபத்தெட்டு ஆகிவிடும். அரை மணியில் மாற்றி, நாண் கட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் பதினாறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நபீசா தினமும் காலையில் எத்தனை மதிப்பெண் என்று செய்தி அனுப்புவாள். முதல் நாலு நாள் மோசம். ஐந்தாம் நாள் பழைய வில்லின் கணக்கைத் தொட்டாள். பத்தாம் நாள் தாண்டிவிட்டாள்.

தேர்வன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு அடையாறு பக்கம் மைதானத்துக்குப் போனேன். நாலு இடம், முப்பது பெண்கள். பெயர் வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவதாக நபீசா. நான் ஓவென்று அழுதுவிட்டேன், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. அவள் அத்தா கையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போனில் கத்திய கோச், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாக என் பக்கம் வந்தார். இந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் ஒன்பது வருடம்கூட மாடி ஏறலாம் என்று தோன்றியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், நாளைக்கு என் பசங்க பதினோரு பேரையும் அனுப்பறேன். எல்லாரையும் நிக்க வச்சு நீங்களே அளந்துடுங்க."

ஒருவருக்குச் சரியான வில்லைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். அது சரி என்று அவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம்.